கேமரா வந்துவிட்டது, பஸ் எங்கே?

1/
நீளமான இழை. சர்க்கரை நோய் உள்ளவர்களும், வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவர்களும் (அதாவது ஏறத்தாழ நாம் எல்லோரும்) பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

"ஏஐ மூலம் இலவச கண் பரிசோதனை முகாம்" என்று இப்போது ஊருக்கு ஊர் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். மறுநாள் செய்தி வருகிறது: ஒரே நாளில் இத்தனை நூறு பேருக்கு விழித்திரைப் படம் எடுத்து சாதனை. குத்துவிளக்கு, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான். அந்த இத்தனை நூறு பேரில் எத்தனை பேருக்குப் பாதிப்பு இருப்பதாக மெஷின் சொன்னது? அவர்களில் எத்தனை பேருக்கு இதுவரை லேசர் போட்டாச்சு?

2/
முகாம் நடத்துகிறவர்களிடம் நேரிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வரும் பதில், "ரெஃபர் பண்ணிட்டோம் டாக்டர்."

ரெஃபர் பண்ணுவது என்றால் என்ன? கையில் ஒரு சீட்டு கொடுப்பது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கே போனார், போனாரா என்று யாருக்கும் தெரியாது. எழுதி வைப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமும் கிடையாது.

3/
"அப்போ நீங்க ஏஐக்கு எதிரியா?" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் விழித்திரை மருத்துவன். இந்தத் தொழில்நுட்பம் எனக்கு ரொம்பவே பிடிக்கும். அது நன்றாக வேலை செய்கிறது என்பதுதான் என் கோபத்துக்கே காரணம். உருப்படாத சாதனமாக இருந்திருந்தால், ஃபிளெக்ஸ் வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

4/
முதலில் நோயைப் புரிந்துகொள்வோம்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. பழைய ஃபிலிம் கேமரா பார்த்த தலைமுறைக்கு, உள்ளே இருக்கும் ஃபிலிம் ரோல் என்றால் புரியும். (2கே கிட்ஸ் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.) சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தால், அந்தப் படலத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் பலவீனமாகும். சில இடங்களில் கசியும். சில இடங்களில் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத பகுதி புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும். புதுக் குழாய் என்றால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். அவை தொட்டால் உடையும் ரகம். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தழும்பு உண்டாகி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

5/
இதில் கொடுமை என்னவென்றால், உடைகிற நாள் வரைக்கும் சிலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். பேப்பர் படிப்பார்கள், ஊசியில் நூல் கோர்ப்பார்கள்.

கண்புரை அப்படி இல்லை. அது வந்தால் பார்வை மங்கும், நோயாளி தானாக மருத்துவரைத் தேடுவார். ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால், மற்றபடி கண் நன்றாக இருக்கிறவருக்குப் போன பார்வை திரும்பிவிடும். சர்க்கரையால் கெட்ட விழித்திரையில் போனதில் பெரும்பகுதி போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் எங்களால் முடியும்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது டாக்டர்." என் அறையில் நான் கேட்டுப் பயப்படும் வாக்கியம் இது.

6/
காப்பாற்ற வழி இருக்கிறது, அதுவும் பல காலமாக. உரிய நேரத்தில் லேசர் போட்டால் கடுமையான பார்வையிழப்பைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 1976-லேயே காட்டிவிட்டது. அதற்குப் பிறகு கண்ணுக்குள் போடும் ஊசிகளும் வந்துவிட்டன. மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது. நோயாளி வரும்போது நேரம்தான் கடந்திருக்கிறது.

7/
எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர். இன்னொரு பெரிய இந்திய ஆய்வு, சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது.

யார் அந்த எட்டில் ஒருவர் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. அதனால் எட்டுப் பேரையும் பார்க்க வேண்டும், அதுவும் வருடா வருடம். நாட்டில் கண் மருத்துவர்கள் தாராளமாக 25,000 பேர் என்றே வைத்துக்கொள்வோம். தலைக்கு 4,000 சர்க்கரை நோயாளிகள். கண்புரை, குளுகோமா, குழந்தைகள், கண்ணில் தூசு விழுந்தவர் எல்லோரையும் பார்த்துவிட்டு அதற்கு மேல் இந்த 4,000. நாங்களும் பெரும்பாலும் நகரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

நடக்கிற காரியமா?

8/
இந்த இடத்தில்தான் ஏஐ உண்மையிலேயே உதவுகிறது. 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,28,000-க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், கண் மருத்துவர்களுக்கு இணையாகப் பாதிப்பைக் கண்டுபிடித்தது. 2018-ல் அமெரிக்க எஃப்டிஏ, மருத்துவர் படம் பார்க்காமலே முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. மும்பை மாநகராட்சி மருந்தகங்களில், இன்டர்நெட் இல்லாமல் போனிலேயே முடிவு சொல்லும் மென்பொருளைச் சோதித்து நல்ல விடை கிடைத்ததாக 2019-ல் எழுதினார்கள்.

ஆக, படத்தைப் படிக்கும் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. கைதட்டுவோம், நானும் தட்டுகிறேன்.

ஆனால் படத்தைப் படிக்க ஆள் இல்லாததாலா நம் ஜனங்களுக்குக் கண் போகிறது? அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

9/
இங்கிலாந்தைப் பாருங்கள். 2003 வாக்கில் தேசிய அளவில் சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏஐ எல்லாம் கிடையாது. பயிற்சி பெற்ற மனிதர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு சர்க்கரை நோய் இப்போது முதல் காரணமாக இல்லை, ஐம்பது ஆண்டுகளில் இதுதான் முதன்முறை என்றது. சர்க்கரையை முன்னைவிட நன்றாகக் கட்டுப்படுத்தியதும் இதற்கு உதவியிருக்கும். ஆனால் அந்தத் திட்டத்தின் பங்கை யாரும் மறுக்கவில்லை.

அவர்களிடம் என்ன இருந்தது? ஒரு பெயர்ப் பட்டியல். 12 வயதுக்கு மேல் சர்க்கரை நோய் உள்ள அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். வருடா வருடம் வீட்டுக்குக் கடிதம் போகும். வராதவருக்குத் திரும்பவும் கடிதம். பாதிப்பு இருந்தால் எத்தனை நாளுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கெடு. பட்டியல், கடிதம், கெடு. இதில் எதையும் நம் முகாம்களில் பார்க்க முடியாது. நம்மிடம் இருப்பது அவர்களிடம் அன்று இல்லாத ஏஐ மட்டும்.

10/
நம் ஊர் உதாரணம்தான் வேண்டும் என்றால், அதுவும் இருக்கிறது, இன்னும் பழையது.

1976-ல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் பலர் வரவில்லை. இலவசம் என்று சொல்லியும் வரவில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள், நாலு நாள் கூலி, பயம். இவைதான் பதில்.

அதனால் முகாம் முடிந்ததும் அங்கேயே பஸ் நின்றது. அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். போக வர, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரரும் அதே பஸ்ஸில் வருவதால் பயமும் பாதி போய்விட்டது.

கண்புரையில் தமிழ்நாடு சாதித்ததற்கு லென்ஸும், அறுவை சிகிச்சையின் வேகமும் எவ்வளவு காரணமோ, அந்த பஸ்ஸும் அவ்வளவு காரணம். இன்றைய ஏஐ முகாமில் நான் தேடுவது அதைத்தான்.

11/
போன வருடம் என்னிடம் ஒரு தையல்காரர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. இடது கண்ணில் திடீரென்று கறுப்புத் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்றார். உள்ளே முழுக்க ரத்தம். வலது கண்ணில் விழித்திரை ஏற்கெனவே பிய்ந்து, நடுப்பகுதியும் போயிருந்தது. அது போனதை அவர் கவனிக்கவே இல்லை, இடது கண் சமாளித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி கண்ணு டெஸ்ட் பண்ணிருக்கீங்களா?"

"பண்ணிருக்கேன் சார்." ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஏஐ முகாம் சீட்டு. வழவழப்பான தாளில் இரண்டு கண்ணின் படமும் கலரில். கீழே ஆங்கிலத்தில், ரெஃபரபிள் டயாபடிக் ரெட்டினோபதி. தேதியைப் பார்த்தேன். பதினொரு மாதம் ஆகியிருந்தது.

12/
படத்தைப் பார்த்தேன். மெஷின் சரியாகச் சொல்லியிருந்தது. அன்று வந்திருந்தால் இரண்டு கண்ணையும் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்தது.

"அப்பவே ஏன் வரல?"

"நல்லாத்தானே தெரிஞ்சுது சார். அவங்களும் ஒண்ணும் சொல்லலியே. போட்டோ கொடுத்தாங்க, பத்திரமா வெச்சிருந்தேன்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தார், ஒரு மடிப்புகூட இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத மனிதரிடம், கண் போகப்போகிறது என்ற செய்தியை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு போன் கால் கிடையாது. எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. முகாம் நடத்தியவர்களின் கணக்கில் அவர் இன்றைக்கும் பரிசோதனை செய்யப்பட்ட பயனாளி.

இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஓரளவு தெரிகிறது. தையல் தொழில் போய்விட்டது.

13/
"சீட்டு கொடுத்தும் வராதது நோயாளி தப்பு" என்று சொல்லும் மருத்துவ நண்பர்களே, கொஞ்சம் கணக்குப் போடுங்கள்.

தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து டவுனுக்கு வர வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிப்போம். பார்வை மங்கும், தனியாகத் திரும்ப முடியாது. அதனால் கூட ஒருவர் வேண்டும், அவருக்கும் கூலி போச்சு. லேசர் ஒரே நாளில் முடியாது, பல தடவை வர வேண்டியிருக்கும். ஊசி என்றால் மாதா மாதம். இத்தனையும் செய்து முடித்த பிறகு பார்வை கூடுமா? பலருக்குக் கூடாது. இருக்கிறது நிற்கும், அவ்வளவுதான்.

நன்றாகத் தெரியும் கண்ணுக்கு, நாலு நாள் கூலியை விட்டு, பார்வை கூடாத ஒரு வைத்தியத்தை எவர் தானாகச் செய்துகொள்வார்? உட்கார வைத்து யாராவது பேச வேண்டும். அதை எந்த மென்பொருளும் செய்யாது.

14/
கிராமத்தில் இன்னொரு பேச்சும் உண்டு: "லேசர் போட்டா கண்ணு போயிடும்." இந்த வதந்தி எப்படி வந்தது தெரியுமா? நோய் முற்றிப்போய், கடைசிக் கட்டத்தில் லேசர் போட்டவர்களில் சிலருக்கு, லேசரையும் மீறிக் கண் போகிறது. பார்க்கிற ஊருக்கு லேசர்தான் கண்ணைப் பறித்தது போலத் தெரிகிறது. தாமதமாக வருவதால் வதந்தி, வதந்தியால் இன்னும் தாமதம். இதை உடைக்க வேண்டுமானால், சீக்கிரம் வந்து லேசர் போட்டு இன்றும் நன்றாகத் தெரிகிற ஒருவர் அதே தெருவில் இருக்க வேண்டும். சீட்டோடு நிற்கிற முகாமால் அப்படி ஒருவரை உருவாக்க முடியாது.

15/
சாதனத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் மென்பொருளை வைத்துப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்பதை அவர்களே 2020-ல் மறைக்காமல் எழுதினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று மென்பொருள் ஏற்கவில்லை. அறையை இருட்டாக்க வழியில்லாத இடங்கள். இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் வரிசை நகரவில்லை. படம் சரியில்லை என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார் என்று அனுப்ப வேண்டிய நிலை.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜன்னலுக்குத் திரைச்சீலை இருக்கிறதா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கறுப்புத் துணி இல்லாததால் பல லட்ச ரூபாய் கேமரா தோற்கும்.

16/
இன்னொன்று கண்புரை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு இன்றும் கண்புரையால்தான் என்கிறது 2015–19 தேசியக் கணக்கெடுப்பு. புரை விழுந்த கண் வழியாகப் படம் எடுத்தால் மூடுபனிதான் தெரியும். மெஷின், "படம் தெளிவில்லை" என்று சொல்லும். சில முகாம்களில் அவர்களைப் பாதிப்பு இல்லாதவர்களோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மகா தவறு. படம் தெளிவாக விழாதவர்தான் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்.

"நார்மல்" என்று வந்தாலும் அது எதற்கு நார்மல்? பெரும்பாலான மென்பொருள் சர்க்கரையால் வரும் பாதிப்பை மட்டும் தேடும்படி பழக்கப்பட்டவை. சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும் குளுகோமாவை அது தேடியே இருக்காது. சீட்டிலோ பச்சைக் கலரில் டிக் மார்க். வாங்கியவர் அடுத்த ஐந்து வருடத்துக்குக் கண்ணைப் பற்றிக் கவலையே படமாட்டார்.

17/
"மெஷின் தப்பு பண்ணா யார் பொறுப்பு?" என்று கேட்டு ஏஐயே வேண்டாம் என்கிற சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியாயமான கேள்வி, சட்டம் அதற்குத் தெளிவான பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்று அந்தக் கண்ணை யாருமே பார்க்கவில்லையே, அதற்கு யார் பொறுப்பு? யாரும் பார்க்காத கண்ணையும் மெஷின் பார்த்த கண்ணையும் ஒப்பிடுங்கள். உங்கள் கிளினிக்குக்கு வந்த கண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

சர்க்கரைக்கு மருந்து எழுதும் மருத்துவர்களே, உங்களுக்கும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி எழுதுகிறீர்கள். அதே சீட்டில் "கண் பரிசோதனை" என்று ஒரு வரி எழுத எத்தனை விநாடி ஆகும்?

18/
சரி, குறை சொன்னது போதும். என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்து வைத்திருந்த அந்தப் பட்டியலின் பெரும்பகுதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது! யாருக்கு சர்க்கரை, எந்தத் தெரு என்பதெல்லாம் அந்தப் பெண் தன்னார்வலருக்குத் தெரியும். பல வீடுகளில் அவருக்குக் காபியும் கிடைக்கும்.

கேமராவை இந்தப் பட்டியலோடு கட்டுங்கள். மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே வருடத்துக்கு ஒருமுறை படம். மெஷின் அங்கேயே முடிவு சொல்லட்டும். பாதிப்பு உள்ளவரின் பெயர் தன்னார்வலரின் போனுக்குப் போகட்டும். மாதத்தில் ஒரு நாள் குறித்து, அந்த வட்டாரத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு வேன். அந்த நாளில் லேசர் மெஷின் ஓட வேண்டும், அதைப் போடத் தெரிந்த மருத்துவர் இருக்க வேண்டும், ஊசி மருந்து ஸ்டாக்கில் இருக்க வேண்டும். போகாதவர் வீட்டுக்கு அந்தப் பெண் திரும்பப் போய்க் கேட்க வேண்டும்: "ஏண்ணா போகல?" அந்த வேலைக்குத் தனியாகச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அதையும் அவர் தலையில் இலவசமாகக் கட்டிவிடாதீர்கள்.

19/
பணம்? 2024 அக்டோபரில் கூகுள், இந்தியாவிலும் தாய்லாந்திலும் உள்ள கூட்டாளி நிறுவனங்கள் மூலம் பத்து ஆண்டுகளில் 60 லட்சம் இலவசப் பரிசோதனைகள் என்று அறிவித்தது. நல்ல விஷயம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து, சராசரியாக ஆண்டுக்கு 6 லட்சம். நமக்கு மட்டும் ஆண்டுதோறும் தேவைப்படுவது 10 கோடி. தனியார் தர்மத்தில் முடிகிற அளவு இது இல்லை. அரசு பட்ஜெட்டில் தனித் தலைப்பாக வர வேண்டிய செலவு.

அப்படி அரசு வாங்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். எடுத்த படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பாதிப்பு என்று சொன்னவர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தால் காசு கொடுங்கள். நாளைக்கே நிறுவனங்கள் பஸ் வாடகைக்கு எடுக்கும், சீட்டு தமிழில் வரும், போன் பண்ண ஆள் வைப்பார்கள். எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம், அதை வைத்து வேறு வியாபாரம் நடக்குமா என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். ஏழையின் விழித்திரையில் பழகிய மென்பொருளை அதே ஏழைக்கு விலைக்கு விற்கும் நாள் வரக் கூடாது.

20/
அரசு செய்யும்போது செய்யட்டும். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது.

உங்கள் ஊருக்கு ஏஐ முகாம் வந்தால் தாராளமாகப் போங்கள். போய் மூன்று கேள்வி கேளுங்கள். பாதிப்பு இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் தேதியில், யாரைப் பார்க்கணும்? போகலன்னா எனக்கு யார் போன் பண்ணுவாங்க? படம் தெளிவா விழலன்னா என்ன செய்வீங்க? பதில் இல்லையென்றால், முகாமுக்கு நன்கொடை கொடுத்த உள்ளூர்ப் பெரியவரிடம் போய்க் கேளுங்கள். அடுத்த தடவை பொன்னாடைக்குப் பதில் வேன் வரும்.

21/
பொதுவாக 30 வயதுக்கு மேல் வரும் சர்க்கரை (டைப் 2) என்றால், கண்டுபிடித்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஐந்து வருடம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள், நோய் தெரிய வருவதற்கு முன்பே சில வருடம் உடம்பில் இருந்திருக்கும். அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் ஆரம்ப மாதங்களிலேயே ஒருமுறை, கர்ப்பகாலத்தில் பாதிப்பு வேகமாகும். கண்ணாடிக் கடையில் நம்பர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது.

22/
கடைசியாக ஒன்று. இன்றைக்கே வீட்டில் அலமாரி, ரேஷன் கார்டு கவர், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடிப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ எப்போதோ முகாமில் வாங்கிய கண் சீட்டு இருக்கலாம். அதில் 'ரெஃபர்' என்றோ, படம் தெளிவில்லை என்று பொருள்படும்படி ஏதாவதோ எழுதியிருந்தால், இந்த வாரமே அரசு மருத்துவமனை கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லுவார்கள், கேட்காதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கண் கூசும், அதனால் திரும்பி வரும்போது வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.